வாயைக் காதில் கட்டிக்கொண்ட முழங்கி

அந்தக் காலத்தில், சர்க்யூட் போர்டில் பற்றவைத்த சின்னச் சின்னப் பாகங்களுக்கும் பேச்சு இருந்தது. இதயத் துடிப்பை வரையும் இ.சி.ஜி. பெட்டி ஒன்றுக்குள் முழங்கி என்றொரு ஆப்-ஆம்ப், சிக்னலைப் பெருக்கும் சில்லு, இருந்தான். இரண்டு காது, ஒரு வாய். காதுகளில் மயிரிழை வித்தியாசம் விழுந்தாலும் லட்சம் மடங்காக்கி முழங்குவான். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பக்கத்தில் இருந்தவள் அளவாயி, இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர். நோயாளியின் உடம்பிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை இரு கையிலும் பிடித்து, இரண்டிலும் பொதுவாக வரும் கரண்ட் இரைச்சலைக் கழித்துவிட்டு, இதயம் சொல்வதை மட்டும் சொல்லுவாள். அதற்கு, அவள் அளவுக்கு அடிப்படையான ரெஃபரன்ஸ் கால் அசையாமல் ஊன்றியிருக்க வேண்டும். அந்தக் காலைத் தாங்கியவர்கள் ஐந்து வோல்ட்டைச் சரிபாதியாக்கித் தரும் இரட்டை ரெசிஸ்டர்கள். பாவம், நோஞ்சான்கள்.

ஒருநாள் காலை, லாரி ஓட்டும் பேச்சிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கம்பிகளை ஒட்டிய நர்ஸ் எஸ்தர் பதறினாள்.

"டாக்டர், கோடு பூரா நடுங்குது. ஒண்ணுமே புரியல!"

"மாரடைப்பா இல்லையான்னு தெரியாம எதுக்குன்னு மருந்து போட?"

பெட்டிக்குள் அளவாயி அழாக்குறையாகச் சொன்னாள்: "நான் காலை ஊன்றினா இந்த ரெசிஸ்டருங்க அமுங்கிடறாங்க. இரைச்சல் உள்ள புகுந்துடுது. ஒரு உயிர் போகப்போகுதே!"

முழங்கி குறுக்கிட்டான். "அக்கா, என் வாய்மேல காலை வை. நான் தாங்கறேன்."

"நீயா? ஒண்ணுன்னா லட்சம்பியே! என் காலைக் கூரைக்கில்ல தூக்கிடுவ."

முழங்கி அதிகம் யோசிக்கவில்லை. தன் வாயிலிருந்து ஒரு கம்பியை இழுத்துத் தன் காது ஒன்றிலேயே இறுகக் கட்டிக்கொண்டான். வாய் சொல்வதை உடனே காது கேட்டுவிடும். கொஞ்சம் கூடினாலும் அந்தக் காதே இழுத்துக் குறைத்துவிடும்; இனி கூட்டிச் சொல்ல வழியில்லை. "கேட்டதை மட்டுந்தான் சொல்லுவேன். நம்பி ஊன்றுக்கா!"

ரெசிஸ்டர்கள் அவனுடைய மற்றக் காதில் பாதி வோல்ட்டை மெல்லச் சொன்னார்கள். அவன் அதையே அப்படியே சொல்லி நின்றான். அளவாயி மிதித்துப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை.

"டாக்டர், கோடு சுத்தமா வந்துடுச்சு!"

"மாரடைப்பேதான். ஊசியை எடு, சீக்கிரம்!"

பேச்சிமுத்து பிழைத்தார். போர்டில் இருந்த மற்ற ஆப்-ஆம்ப்களோ சிரித்தார்கள். "சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை ஆயிட்டியேடா!"

"ஆமா, கிளிப்பிள்ளைதான். உங்கள்ல யாரை நம்பி அக்கா கால் வைப்பா?" என்றான் முழங்கி.

அன்று முதல்தான், ரெஃபரன்ஸ் காலின் அடியில் வாயைத் தன் காதோடு கட்டிக்கொண்ட ஓர் ஆப்-ஆம்ப், பஃபர் என்ற பெயரில் தாங்கி நிற்கிறான். முழங்கும் பலம் அத்தனையும் அசையாமல் நிற்பதற்கே அவனுக்குச் சரியாக இருக்கிறது.