முதுகை விட்டு இறங்காத குஞ்சு

அல்லிக் குளம் ஒன்றில் செங்கழுத்தி என்ற முக்குளிப்பான் பறவை இருந்தது. நீரில் முங்கி மீன் பிடிப்பதுதான் அதன் பிழைப்பு. அதற்கு ஒரே ஒரு குஞ்சு. பெயர் பொட்டு.

பொட்டு அம்மாவின் முதுகில் ஏறி, சிறகுக்குள் முகத்தைப் புதைத்தால்தான் தூங்கும். கோரைத் தண்டுகளுக்கு நடுவே மிதந்த பாசிக் கூடு மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் அதில் இறக்கிவிட்டால் போதும், குளமே அதிரும்!

உச்சி வெயிலில் குளம் கண் செருகிக் கிடக்கும். காற்று நிற்கும். தும்பிகள் அல்லி மொட்டுகளில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெயிலுக்குப் பயந்த மீன்கள் இலை நிழலில் கூட்டமாய் ஒதுங்கும். மீன் பிடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. பொட்டு தூங்குவதும் அதே நேரத்தில்தான்! குஞ்சோடு முங்கினால் அது தக்கை மாதிரி மிதந்து போய்விடும். செங்கழுத்தி என்ன செய்யும்? கண்ணெதிரே மீன், வயிற்றில் பசி. தாய் இளைத்தது. குஞ்சும் இளைத்தது.

பக்கத்துக் கோரையில் இருந்த நாமக்கோழி என்ற நீர்ப்பறவை இதைப் பார்த்துச் சிரித்தது.

“ஏண்டி, நீ பறவையா, படகா? நாள் பூரா சுமந்துக்கிட்டே திரியறே!”

“இறக்கிவிட்டா கத்துறான். நான் என்ன செய்யட்டும்?”

“முழிச்சிருக்கும்போது யாராவது இறக்குவாங்களா? நல்லாத் தூங்கட்டும். நைசா கூட்டுல சரிச்சுவிடு. அவன் கண்ணு திறக்கறதுக்குள்ள மீனோட வந்துடலாம்!”

செங்கழுத்திக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. அன்று மதியம் பொட்டு அயர்ந்ததும் மெல்லச் சாய்ந்து கூட்டில் இறக்கியது. சத்தமில்லாமல் முங்கியது.

பொட்டு கண் விழித்தது. சிறகைக் காணோம். அம்மாவைக் காணோம். தூங்கும்போது முதுகாக இருந்தது, இப்போது வெறும் பாசி!

“அம்மா! அம்மா!”

அந்தக் கூச்சல் பருந்தின் காதில் விழுந்தது. அதன் நிழல் அல்லி இலைகளின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. நீருக்கடியில் இருந்த செங்கழுத்தி அந்த நிழலைப் பார்த்துப் பதறியது. மேலே பாய்ந்து வந்து, குஞ்சை இழுத்துக்கொண்டு கோரைக்குள் புகுந்தது. மயிரிழையில் தப்பியது பொட்டு. யோசனை சொன்ன நாமக்கோழியோ அதற்கு முன்பே ஒளிந்துகொண்டிருந்தது!

மறுநாள் மதியம் நிலைமை இன்னும் மோசம். பொட்டு முதுகில்கூடத் தூங்கவில்லை. அம்மாவின் கழுத்து இறகை அலகால் கவ்விக்கொண்டு, செருகும் கண்களைத் திறந்து திறந்து பார்த்தது.

செங்கழுத்திக்குக் கோபம் வந்துவிட்டது. “விடுடா! உனக்குத் தீனி கொண்டாரத்தானே போறேன்? ஊர் சுத்தவா போறேன்?”

“அப்ப ஏன் சொல்லாமப் போனே?”

செங்கழுத்திக்குத் தன் தவறு உறைத்தது.

பிறகு, பொட்டு விழித்திருக்கும்போதே அதைக் கூட்டில் இறக்கிவிட்டது.

“இதோ பாருடா. நான் முங்கப் போறேன். சொல்லிட்டுத்தான் போறேன். ஒரே ஒரு முங்கு.”

“வேணாம்! அரை முங்கு!”

“அரை முங்கு முங்கினா என் தலைதான் நனையும். மீனா வரும்?”

“அப்ப சின்ன முங்கு. அந்த மொட்டுக்கு இந்தப் பக்கம்!”

“சரி. மொட்டுக்கு இந்தப் பக்கம். பேச்சுன்னா பேச்சுதான்!”

செங்கழுத்தி முங்கியது. அடியில் பச்சை வெளிச்சம் கரைந்து கிடந்தது. அல்லித் தண்டுகள் கனவில் ஆடுவதுபோல் ஆடின. மொட்டின் தண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கொழுத்த கெண்டை சும்மா நின்றுகொண்டிருந்தது. கழுத்தை நீட்டினால் போதும்! பசியில் செங்கழுத்திக்குக் கண் இருண்டது. ஆனாலும் திரும்பியது. வெறும் அலகோடு மேலே வந்தது.

“வந்துட்டே!” என்றது பொட்டு.

“வருவேன்னு சொன்னேனில்லே?”

மொட்டுக்கு அப்பால் கெண்டை துள்ளி விழுந்தது. “அவ்வளவு பெரிய மீனை விட்டுட்டு வந்தியா? மூளை கலங்கிப்போச்சாடி உனக்கு?” என்று நாமக்கோழி கத்தியது.

“நீ வாயை மூடு! உன் யோசனையைக் கேட்டு என் பிள்ளையையே பறிகொடுத்திருப்பேன்!”

பொட்டு யோசித்தது. “இன்னொரு முங்கு போம்மா. இந்தத் தடவை மொட்டு வரைக்கும் போகலாம்.”

அம்மா முங்கிய இடத்திலிருந்து வட்ட வட்டமாய் அலை புறப்பட்டு வந்தது. கூட்டைத் தொட்டு மெல்ல ஆட்டியது. அந்த ஆட்டம் அடங்கும்போது அம்மா மேலே வந்தது. மறுபடி முங்கியது. மறுபடி அலை வந்தது. அலை வருகிற திசையில்தான் அம்மா என்று பொட்டுக்குப் புரிந்தது. அதன் கழுத்து தளர்ந்தது. இமை கனத்தது.

“இப்ப ஒரு பெரிய முங்கு போறேன்டா. மொட்டுக்கு அந்தப் பக்கம், தூரமா.”

பொட்டு கண்ணைத் திறக்கவில்லை. “போயிட்டு வாம்மா,” என்றது.

செங்கழுத்தி பதறாமல் போயிற்று. வயிறாரத் தின்றது. ஒரு சின்ன மீனை அலகில் பிடித்துக்கொண்டு திரும்பியது. கூடு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் சரியாக முளைக்காத தன் குட்டிச் சிறகுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு, பொட்டு தானாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தாய் எழுப்பவில்லை, மீனை விழுங்கவுமில்லை, பக்கத்தில் மிதந்தபடி காத்திருந்தது.

சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வருகிறவர்களை நம்பித்தான் குழந்தை தனியாகக் கண் மூடும். ஏமாற்றித் தூங்கவைத்தால் அது தூக்கத்தையே நம்பாது.