ஐம்பத்தொரு வார்த்தைக்குப் பாகப்பிரிவினை

கீழக்கருவேலிக்காரர்களைப் பற்றி நான் ஒன்றும் குறைவாகச் சொல்ல மாட்டேன். நல்ல மனுஷர்கள். என்ன, பங்கு பிரிப்பதென்றால் மட்டும் அவர்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு தீப்பெட்டி வாங்கினால்கூட நடுரோட்டில் உட்கார்ந்து குச்சியை எண்ணி, உரசுகிற பட்டையை ஆளுக்கொரு பக்கமாகக் கிழித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து ஐந்து பங்காளிப் பையன்கள் நெடுங்கரைப்பட்டி மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தார்கள். வெயிலுமுத்து, கொம்பையா, பெத்துராஜ், ஒண்டிவீரன், சீனிச்சாமி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து பேருக்கும் ஒரே பெஞ்சு.

ஐவரில் வெயிலுமுத்துதான் அறிவாளி. மற்ற நாலு பேருக்கும் அப்படி ஒரு எண்ணம். அவனுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

காலாண்டுப் பரீட்சையில் நாலு பேரும் வெயிலுமுத்துவைப் பார்த்து எழுதினார்கள். ஒரு எழுத்து விடவில்லை. மேலே இருந்த பெயரையும் விடவில்லை. தலைமையாசிரியர் சிதம்பரதாணு மேசையில் வெயிலுமுத்துவின் விடைத்தாள் ஐந்து கிடந்தது. மற்ற நாலு பேர் பரீட்சைக்கே வரவில்லை என்று ஆகிவிட்டது.

அவர் ஐவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "ஒன்பதாம் வகுப்புக்கு அஞ்சு பிரிவு இருக்கு. நீங்களும் அஞ்சு பேரு. கணக்கு சரியா இருக்குல்லா? வர்ற வெள்ளிக்கிழமை இங்கிலீஷ் வார்த்தைப் பரீட்சையை நானே வாய்மொழியா வைக்கப் போறேன். ஒவ்வொருத்தனும் இருபத்தஞ்சு வார்த்தை சொல்லணும். சொல்லலேன்னா, பிரிவுக்கு ஒருத்தனா பிச்சுப் போட்டுருவேன்."

 வெயிலுமுத்து இதுவரை தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததே கிடையாது. வலது பக்கம் கொம்பையாவின் முழங்கை இடிக்காமல் அவனுக்கு எழுதவே வராது.

வார்த்தைப் பட்டியலைக் கொடுத்தவர் ஜெபக்கனி டீச்சர். எல்லாம் பெரிய இங்கிலீஷ் வார்த்தைகள். மொத்தம் ஐம்பத்தொன்று. டீச்சர் தங்கமான மனுஷி, ஒரு தப்பும் இல்லை அவர் மேல். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சும்மா மனப்பாடம் பண்ணாதீங்க பிள்ளைகளா. ஒரு வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்து தடவை பேச்சுல சொல்லிப் பாருங்க. ஒரு வாரத்துல அந்த வார்த்தை உங்களுக்கே சொந்தமாயிரும். அதுக்கப்புறம் யாரும் உங்ககிட்ட இருந்து பிடுங்க முடியாது."

வகுப்பில் மற்ற நாற்பது பேரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நம் ஐவர் மட்டும் வேலிகாத்தான் மரத்தடியில் முகம் இருண்டு உட்கார்ந்தார்கள்.

"சொந்தம்னு சொல்லிட்டாவ," என்றான் பெத்துராஜ். "நீயும் பத்து தடவை சொல்லி, நானும் பத்து தடவை சொன்னா, வார்த்தை யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்," என்றான் சீனிச்சாமி.

மற்ற நாலு பேரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"ஒரு சொத்துக்கு ரெண்டு பேரு சொந்தம்னா என்ன ஆவும்?" என்று கேட்டான் வெயிலுமுத்து. "எங்க பெரியப்பாவும் உங்க அப்பாவும் ஒரு புளியமரத்துக்குப் பதினெட்டு வருஷமா கோர்ட்டுக்கு அலையுதாவ. நமக்குள்ள அது வேணுமால?"

"வேண்டாம்," என்றார்கள் எல்லாரும்.

"அப்போ பிரிச்சிர வேண்டியதுதான்."

பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்குப் பத்து. கடைசியில் ஒரு வார்த்தை மிஞ்சியது. ரெஸ்பான்சிபிலிட்டி. அதாவது பொறுப்பு. யாருக்குக் கொடுத்தாலும் மற்றவனுக்கு வருத்தம். அரைமணி நேரம் யோசித்து அதையும் ஐந்தாக அறுத்தார்கள். ரெஸ் வெயிலுமுத்துவுக்கு, பான் கொம்பையாவுக்கு, சி பெத்துராஜுக்கு, பி ஒண்டிவீரனுக்கு. லிட்டி சீனிச்சாமிக்கு. சீனிச்சாமி துண்டு கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்று பெத்துராஜ் முறைத்தான். கடைசிப் பையனுக்குக் கொஞ்சம் கூடப் போனால் போகட்டும் என்று சமாதானம் பண்ணினார்கள்.

நோட்டின் பின்பக்கத்தில் பத்திரமும் எழுதியாயிற்று. 'வெயிலுமுத்துவின் பாகமான மேக்னானிமஸ் என்னும் வார்த்தைக்கு மேற்கே கொம்பையாவின் ரேவனஸ், கிழக்கே பெத்துராஜின் பெரிலஸ்' என்று நாலெல்லையும் குறித்தார்கள். பாடம் படிக்கும்போது அடுத்தவன் வார்த்தை குறுக்கே வந்தால்? வழிநடைப் பாத்தியம் உண்டு. அதாவது, கடந்து போய்க்கொள்ளலாம். நின்று அர்த்தம் பார்க்கக் கூடாது.

இதோடு விட்டிருந்தால் தேவலை. கொம்பையா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான்.

"வார்த்தை என்னுதுன்னா, அர்த்தம் யாருது?"

வெயிலுமுத்து வானத்தைப் பார்த்து யோசித்தான். "நிலத்தை வாங்குனா அதுல நிக்கிற மரமும் சேர்த்திதான். அர்த்தமும் ஒனக்குத்தான்."

"தமிழ்ல சொன்னாலுமா?"

"எந்தப் பாஷையில சொன்னா என்னல, சரக்கு ஒண்ணுதான?"

தீர்ப்பு சரிதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வந்தது வினை.

அன்று சாயங்காலம் வெயிலுமுத்துவுக்கு அகோரப் பசி. ஆனால் ரேவனஸ் என்றால் கொடும் பசி. அது கொம்பையா பாகம். அம்மா முன்னால் போய் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"என்னல, மீன் மாதிரி வாயைப் பிளக்க? பசிக்கா?" என்றாள் அம்மா.

தலையாட்டலாமா? தலையாட்டினாலும் அனுபவித்த மாதிரிதானே? அவன் விடுவிடுவென்று இரண்டு தெரு தாண்டிப் போய்க் கொம்பையாவைக் கூட்டி வந்தான். கொம்பையா அம்மா முன்னால் நின்று, "ரேவனஸ். கொடும் பசி," என்று தெளிவாகச் சொன்னான். பாவம் பிள்ளை, வாய்விட்டுக் கேட்கிறானே என்று அம்மா அவனை உட்காரவைத்து ஏழு தோசை சுட்டுப் போட்டாள். கொம்பையா மறுக்காமல் சாப்பிட்டான். ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்ல வேண்டுமே, அவனுக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருந்தது. வெயிலுமுத்து தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தான்.

பெரிலஸ் என்றால் ஆபத்தான. மறுநாள் காலை ஒண்டிவீரன் சைக்கிளில் இறக்கத்தில் வரும்போது, எதிரே ஒரு எருமை நடுரோட்டில் படுத்திருந்தது. ஒண்டிவீரன் குனிந்து பெடலைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் கேரியரில் இருந்த வெயிலுமுத்து அதைப் பார்த்துவிட்டான். ஆனால் ஆபத்து பெத்துராஜுடையது. பெத்துராஜோ அரை கிலோமீட்டர் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தான்.

"ஒண்டி," என்றான் வெயிலுமுத்து நிதானமாக, "கொஞ்சம் நில்லு. பெத்துராஜ் வந்தா ஒரு விஷயம் சொல்லுவான்."

"என்ன விஷயம்?"

"அதை நான் சொல்லக் கூடாது."

இருவரும் போய் எருமை மேல் விழுந்து, பக்கத்து வாய்க்காலுக்குள் உருண்டார்கள். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் பெத்துராஜ் வந்து சேர்ந்து, வாய்க்காலில் கிடந்த இருவரையும் பார்த்து, "பெரிலஸ்," என்றான். நல்ல வேளையாகச் சொன்னாயே என்று இருவரும் அவனைப் பாராட்டினார்கள். நன்றி என்பது ஒண்டிவீரன் பாகத்தில் இருந்ததால் அதை ஒண்டிவீரன் மட்டும் சொன்னான், முனகிக்கொண்டே.

அந்த வாரம் முழுக்கப் பாடுபட்டவன் என்னவோ சீனிச்சாமிதான். அப்பாலஜி அவனுக்கு விழுந்திருந்தது. மன்னிப்பு கேட்க வேறு யாருக்கும் உரிமை இல்லை. கொம்பையா சாக்பீஸைத் தின்றான். சீனிச்சாமி மன்னிப்புக் கேட்டான். பெத்துராஜ் மணியை முன்னதாக அடித்துவிட்டான். சீனிச்சாமி ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். புதன்கிழமைக்குள் பள்ளியில் என்ன உடைந்தாலும் ஆசிரியர்கள் நேரே சீனிச்சாமியைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அவனும் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தான். பத்து தடவை அவனுக்குப் பிரேயருக்குள்ளேயே முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைமையாசிரியர் அறையில் சிதம்பரதாணு நாற்காலியில், பக்கத்தில் ஜெபக்கனி டீச்சர், கையில் பட்டியல். முதல் ஆள் வெயிலுமுத்து. மற்ற நாலு பேரும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள்.

"மேக்னானிமஸ்?"

"பெருந்தன்மையான, சார்!" என்றான் வெயிலுமுத்து. அதை வைத்து ஒரு வாக்கியமும் சொன்னான். சார் அசந்து போனார். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ரேவனஸ்?"

"அது கொம்பையாவுது, சார்."

"என்னது?"

"கொம்பையா பாகத்துல இருக்கு சார்."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுடே."

"தெரியும் சார். நல்லாத் தெரியும். ஆனா எனக்குச் சொந்தமில்ல."

சிதம்பரதாணு அடுத்த வார்த்தைக்குப் போனார். அது பெத்துராஜுடையது. அடுத்தது சீனிச்சாமியுடையது. வெயிலுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லா அர்த்தமும் நாக்கு நுனியில் நிற்கிறது. ஒரு வாரமாக நாலு பேர் வாயிலும் கேட்டுக் கேட்டு ஐம்பதும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். வாயைத் திறந்தால் பெஞ்சு தப்பும். ஆனால் திறந்தால் பங்காளி பாகத்தில் கை வைத்த பாவி ஆவான். பிரிவுக்கு ஒருத்தனாகப் போனாலும் போவோம், திருட்டுப் பட்டம் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"கடைசியா ஒண்ணு," என்றார் சிதம்பரதாணு. "ரெஸ்பான்சிபிலிட்டி. நீயே சொல்லிக் காட்டு."

வெயிலுமுத்து முகம் மலர்ந்தது. "ரெஸ்!" என்றான். நிறுத்திக்கொண்டான்.

"ரெஸ்?"

"என் பங்கு முடிஞ்சது, சார்."

வராந்தாவிலிருந்து "பான்!" என்று ஒரு குரல் வந்தது. அடுத்து "சி!" அடுத்து "பி!" அப்புறம் சத்தமே இல்லை. சிதம்பரதாணு காத்திருந்தார். டீச்சரும் காத்திருந்தார். இரண்டு நிமிஷம் கழித்துச் சீனிச்சாமி மூச்சிரைக்க ஓடி வந்து, "லிட்டி!" என்றான். யாரோ ஜன்னலை உடைத்துவிட்டார்களாம், மன்னிப்புக் கேட்கப் போயிருந்தானாம்.

மற்ற நாலு பேரையும் கேட்டபோதும் இதே கதைதான். பரீட்சை முடிந்தது. ஆளுக்குப் பத்து வார்த்தை, ஒரு துண்டு. ஐந்து பேரும் அவுட்டு.

"டீச்சர், திங்கக்கிழமையே பிரிச்சிருங்க," என்று எழுந்தார் சிதம்பரதாணு.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. நோட்டின் பின்பக்கத்துப் பத்திரத்தை வாங்கிப் படித்தார். நாலெல்லையையும் வழிநடைப் பாத்தியத்தையும் படிக்கப் படிக்க அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சார், இதைப் பாருங்க. அஞ்சு பேரையும் சேர்த்துப் பாத்தா ஐம்பத்தொண்ணும் சரியா இருக்கு. முதல் பிரிவுல படிக்கிற பிள்ளைகூட ஐம்பத்தொண்ணு சொல்லலையே," என்றார்.

சிதம்பரதாணு பத்திரத்தை ஒரு தடவை படித்தார். தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். ரிட்டயராக இன்னும் எட்டு மாசம் இருந்தது.

"சரி. இந்தப் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை இனிமே நீங்க அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு ஆளு. அப்படித்தான் நான் வச்சுக்கப் போறேன். ஒரே பெஞ்சுலயே கெடங்க. என் கண்ணு முன்னால மட்டும் நிக்காதிய, போங்கடே!"

ஐவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். வெயிலுமுத்து வாய்விட்டு அழுதான், அவ்வளவு சந்தோஷம்.

திங்கள்கிழமை காலை ஜெபக்கனி டீச்சர் வருகைப் பதிவேட்டோடு வகுப்புக்கு வந்தார். நீள பெஞ்சில் வெயிலுமுத்து மட்டும் நட்ட நடுவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். ரவுண்ட்ஸ் வந்த சிதம்பரதாணுவும் வாசலில் நின்றுவிட்டார்.

"மத்த நாலு பேரும் எங்கடே?"

வெயிலுமுத்து எழுந்து கைகட்டினான். "அஞ்சு பேரும் ஒரு ஆளுன்னு நீங்கதான சார் சொன்னிய? ஒரு ஆளுக்கு அஞ்சு பேரு வந்து நின்னா அரசாங்கத்தை ஏமாத்துன மாதிரிலா ஆயிரும்? அதான் முறை வச்சுக்கிட்டோம். இன்னைக்கு என் முறை. நாளைக்குக் கொம்பையா, புதன்கிழமை பெத்துராஜ், அப்புறம் ஒண்டிவீரன், வெள்ளிக்கிழமை சீனிச்சாமி."

டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே பாலத்துக் கட்டையில் நாலு பேரும் யூனிஃபார்மோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்க ஏன்ல அங்க இருக்காங்க?"

"துணைக்கு வந்தாங்க டீச்சர். உள்ள வந்தா என் முறையில கால் வச்ச மாதிரி ஆயிரும்."

"பிரியக் கூடாதுன்னுதான இத்தனை பாடுபட்டிய?"

"ஆமா டீச்சர்," என்றான் வெயிலுமுத்து பூரிப்போடு. "இனிமே எங்களை யாராலயும் பிரிக்க முடியாதுல்லா! ஒரே பெஞ்சு, ஒரே இடம்."

சிதம்பரதாணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். அப்புறம் ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார். "சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. அதுக்கு உங்கள்ல யாருடே வருவிய?"

வெயிலுமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதருகே வந்து சொன்னான்.

"சத்தமாக் கேக்காதிய சார். சனிக்கிழமை வழக்குல கெடக்கு. தீர்ப்பு வர்ற வரைக்கும் நீங்களும் வரக் கூடாது."