நாணுக்கு அழைப்பில்லை

ஆலங்குளத்தில் சந்தனமாரி என்றொரு கபடிக்காரி இருந்தாள். அவளுடைய வலது காலில், கெண்டைச் சதைக்கும் குதிகாலுக்கும் நடுவே, தசையை எலும்போடு கட்டிவைக்கும் ஒரு நாண் குடியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் அது வாய் திறக்காமல் உழைத்தது. மாவட்டப் போட்டியில் ஒரு பாய்ச்சலில் பாதி கிழிந்தபோதுதான், அப்படியொன்று தன் காலில் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் ஓய்வு. அது முடிந்ததும், அவள் மறுபடி ஆடலாமா என்று முடிவு செய்யச் சுவரில் தொங்கிய காலண்டர் ஒரு கூட்டம் கூட்டியது. பயிற்சியாளர் அருளப்பனின் விசிலும் வலி ஸ்பிரேயும் வந்து சேர்ந்தன. நாணுக்கு அழைப்பில்லை. சம்பந்தப்பட்டவர் இருந்தால் முடிவு நடுநிலையாக இருக்காதாம்.

“பன்னிரண்டு வாரம் கழிந்துவிட்டது. ஆகவே காயம் ஆறிவிட்டது” என்றது காலண்டர்.

“சனிக்கிழமை இறுதிப்போட்டி. அந்த வகையிலும் ஆறிவிட்டது” என்றது விசில்.

“எனக்கு ஆறலையே!” கீழேயிருந்து குரல் கொடுத்தது நாண். “பிசியோதெரபி ரெஜினா அக்கா நேத்துதான் ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லி, குதிகாலத் தூக்கச் சொன்னாவ. இடது கால் இருபத்தஞ்சு தடவ தூக்கிச்சு. நான் ஒம்பதுலயே நடுங்கிட்டேன். இன்னும் ரெண்டு மாசம் பயிற்சி வேணும்னுதான் அவியளும் சொன்னாவ.”

“ஓய்வில் ருசி கண்டுவிட்டது” என்று வருந்தியது விசில்.

“இதற்கெல்லாம் விவாதம் எதற்கு?” என்று எழுந்த ஸ்பிரே, ஜில்லென்று இரண்டு தடவை அடித்தது. நாணின் குரல் அமுங்கிப்போனது. “பாருங்கள், எதிர்ப்பே இல்லை.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சந்தனமாரிக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தியது. சனிக்கிழமை காலையில் அருளப்பனிடம் போனாள்.

“சார், ஒம்பதுக்கு மேல தூக்க முடியல.”

“கபடியில குதிகாலத் தூக்கிக் காட்டுனா பாயின்ட் குடுப்பானா? வலி இருக்கா?”

“இப்ப இல்ல சார்.”

“பெறகென்ன?”

முதல் ரெய்டில் இரண்டு புள்ளி. அருளப்பன் துள்ளிக் குதித்தார். அவர் நாண்களுக்கு ஒரு குறையுமில்லை. இரண்டாவது ரெய்டில், நடுக்கோட்டுக்குத் திரும்பிப் பாயக் காலை ஊன்றினாள். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவள்மேல் ஒருவர் கையும் படவில்லை. நாண் முழுசாக அறுந்திருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து அவள் வீடு வந்ததும் கூட்டம் மறுபடி கூடியது. நாண் போதிய ஒத்துழைப்புத் தரவில்லை என்று கூட்டம் வருத்தம் தெரிவித்தது. “இந்த முறை ஒன்பது மாதம் தருகிறேன். தேதி குறித்தாயிற்று” என்று பெருந்தன்மை காட்டியது காலண்டர்.

சந்தனமாரி கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்தபின், குனிந்து, முதன்முறையாக நாணிடமே கேட்டாள்.

“நீ சொல்லு. எப்ப ஆடலாம்?”

பிறந்ததிலிருந்து யாரும் நாணிடம் எதையும் கேட்டதில்லை.

“தெரியலியே மாரி. தெனமும் கேளு. தெரியுத அன்னைக்குச் சொல்லுதேன்.”

காலண்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு தேதிகூடச் சொல்லத் தெரியாத ஒன்றிடம் போய் யோசனை கேட்கிறாளே!