ஒற்றை இலைப் பந்தி

“அம்மா, இதுக்குப் பேரு சாப்பாடா?”

கேட்டுவிட்டுத் தாணுமாலயன் தட்டைத் தரையில் வைத்தார். தட்டில் நூடுல்ஸ் இருந்தது. தொடர்ந்து ஒன்பதாவது நாளாக இருந்தது.

மருதவல்லி தையல் எந்திரத்தை நிறுத்தவில்லை.

“பேரு உறையிலேயே போட்டிருக்கே, அண்ணாச்சி,” என்றார்.

மற்ற ஐந்து சீடர்களும் தைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

மலையடிவாரத்தில் மூடிக் கிடந்த அரிசி ஆலை அது. மருதவல்லி அங்கே ஆறு சீடர்களோடு வாழ்ந்து வந்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. சீடர்களுள் எவரும் ஐம்பதுக்குக் குறைந்தவரல்லர். துணிப்பை தைத்து விற்பது அவர்கள் பிழைப்பு. பேசாமல் தைப்பது அவர்கள் தவம். பிழைப்பு நன்றாகவே நடந்தது என்று சொல்வதற்கில்லை, தவமும் அப்படித்தான்.

அரிசி ஆலையில் பெரும்பாலும் அரிசி இருப்பதில்லை. குறுணைக் கஞ்சி இருக்கும். பீர்க்கங்காய் வாங்கினால் காய் ஒரு வேளைக்கு, தோல் மறுவேளைத் துவையலுக்கு. வேலியோரத்து முருங்கைக்கீரை எப்போதும் உண்டு.

அந்த மாதம் அடைமழை. மளிகைக்காரர் ஒருவர் முந்நூறு பைகளை எடுத்துக்கொண்டு, காசுக்குப் பதிலாகப் பதினெட்டு அட்டைப்பெட்டி நூடுல்ஸை இறக்கிவிட்டுப் போனார்.

மருதவல்லி பெட்டிகளைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மாசம் முழுக்கக் கல்யாணந்தான்,” என்றார்.

தாணுமாலயனுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஏனெனில் கல்யாணம் என்றால் என்னவென்று அந்த ஆலையில் அறிந்தவர் அவர் ஒருவரே.

நாஞ்சில் நாட்டில் தாணு மாஸ்டர் சமையல் என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் கவலையின்றி உறங்குவார்கள். ஆயிரம் பேருக்கு அவியல் வைத்தாலும் ஒரு துண்டு சேனை குழையாது. பந்தி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாக் கறிகளும் அடுப்பை விட்டு இறங்கியிருக்கும். கடைசிப் பந்தி எழுந்து, இலைகளை அள்ளிய பிறகே சமைத்த வைப்புக்காரன் வாயில் எதையும் போடலாம். இது அவர் தொழிலின் நெறி. அதற்குள் புகையும் தாளிதமும் அவருடைய பசியைத் தின்றுவிடும். ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுப்பார்.

நாற்பது ஆண்டுகள் அந்த மோர்தான்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவர் ஆலைக்கு வந்து மருதவல்லியின் எதிரே கைகட்டி நின்றார்.

“லட்சம் வயித்த ரொப்பியாச்சு அம்மா. எனக்கு மட்டும் நிறைய மாட்டேங்கு. வயிறா மனசான்னே தெரியல்ல. அதுக்கு ஒரு வழி சொல்லணும்.”

“சமையல் தெரியுமா?” என்று கேட்டார் மருதவல்லி.

அவ்வளவுதான் உபதேசம். அன்றிலிருந்து ஆலையின் அடுக்களை அவருடையதாயிற்று.

நூடுல்ஸ் வந்த முதல் நாள், தாணுமாலயன் பதினான்கு பொட்டலங்களை அண்டாவில் போட்டார். பதினொன்றரைக்கு இறக்கி மூடினார். பன்னிரண்டரைக்குப் பந்தி. மூடியைத் திறந்தபோது நூடுல்ஸ் அண்டாவின் வடிவத்தில் நின்றது.

சுடலையாண்டி எட்டிப் பார்த்தார். அவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். தவத்தில் சேர்ந்தும் வாய் மூடாதவர்.

“மாஸ்டரே, கத்தி இருக்கா? அல்வா மாதிரித் துண்டு போட்டுருவோம்.”

துண்டு போட்டுத்தான் தின்றார்கள். ஆளுக்கு இரண்டு துண்டு.

மறுநாள் அவர் பொட்டலத்துக்குள் இருந்த மசாலாத் தூளைக் கடைச்சரக்கு என்று வெளியே எறிந்தார். மல்லியும் மிளகும் வறுத்து, தேங்காயைச் சிவக்க வதக்கி, அம்மியில் அரைத்து, நூடுல்ஸில் தீயல் குழம்பு வைத்தார். அதுபோல் ஒரு பண்டம் அதற்கு முன்னும் இருந்ததில்லை; பின்னும் இருக்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் பாயசம். அந்த மாவு உப்பிட்டுப் பிசைந்தது என்பதை வெல்லத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவரை வருத்தியது தோல்வி அன்று. அத்தனையையும் அவர்கள் மகிழ்ச்சியோடு தின்றார்களே, அதுதான் வருத்தியது. ஒருவர் முறுக்குத் தூளைத் தூவிக்கொண்டார். ஒருவர் உறிஞ்சிய ஓசை கூரைத் தகரத்தில் எதிரொலித்தது. மருதவல்லி பாயசத்துக்கு ஊறுகாய் தொட்டுத் தின்றார்.

‘இவர்களுக்கு நாக்கே கிடையாதா?’ என்று தாணுமாலயன் நினைத்தார். எல்லோரும் எழுந்த பிறகு, ஆறி இறுகிய மிச்சத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் அமர்வார். இரண்டு வாய் தின்பார். ஒதுக்குவார்.

ஒன்பதாம் நாள் ஒதுக்கவில்லை. தட்டோடு வந்து நின்றுவிட்டார்.

“அம்மா, நான் வெளையாட்டுக்குச் சொல்லல்ல. இசக்கியப்பன் போன் பண்ணினான். முப்பது வருசமா எங்கிட்ட கரண்டி பிடிக்கவன். ஞாயித்துக்கிழமை சுசீந்திரத்துல கல்யாணமாம். ஆயிரத்து இருநூறு இலை. சனிக்கிழமை மூணு மணிக்கு வேன் வாசல்ல வந்து நிக்கும்.”

“நல்லது,” என்றார் மருதவல்லி.

“அதுக்குள்ள எனக்கு உபதேசம் தரணும். தந்தா இருப்பேன். இல்லேன்னா வேன்ல ஏறிருவேன். ஏறினா திரும்பி வர மாட்டேன்.”

தையல் எந்திரம் நின்றது. அது பகலில் நிற்பது அரிது.

“அப்ப சனிக்கிழமை மத்தியானம் நீங்க ஒரு விருந்து வைக்கணும், அண்ணாச்சி.”

தாணுமாலயனின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“எத்தனை பேருக்கு?”

“ஒருத்தருக்கு.”

“என்ன கறி?”

“நூடுல்ஸ்தான்.”

முதுகு மீண்டும் தளர்ந்தது.

“அம்மா, நூறுக்குக் கீழ எறங்காத கை இது. ஏழு பேருக்கு எறங்கினதே பெரும்பாடு. ஒருத்தருக்கு எப்படி வைக்கது?”

“எறக்கிப் பாருங்க. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். ஆளு இலையில உக்காந்த பெறகுதான் பொட்டலத்தப் பிரிக்கணும்.”

“வாறது யாரு?”

“பசியோட வருவாரு. அடையாளம் அது போதும்.”

எந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது.

சனிக்கிழமைவரை தாணுமாலயனுக்கு வேறு நினைவில்லை. யாராக இருக்கும்? மலைமேல் இருந்து இறங்கி வரும் பெரியவரா? மருதவல்லிக்கே உபதேசம் செய்தவரா? அவர் ஒரு சொல் சொன்னால் போதாதா?

“மந்திரியா இருந்தாலும் இருக்கும்,” என்றார் சுடலையாண்டி. “நல்லா பெருக்கி வையும்.”

சனிக்கிழமை விடியுமுன் எழுந்து குளித்தார். முந்திய இரவும் ஒன்றும் உண்ணவில்லை. விருந்துக்கு முன் வைப்புக்காரன் உண்பதில்லை. மற்றவர்கள் காலையிலேயே வயிறு முட்டக் கஞ்சி குடித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தார்கள்.

வேலியோரத்து வாழையில் தலைவாழை இலை ஒன்று நறுக்கினார். இரண்டு பீன்ஸ், அரைக் கேரட். நறுக்கி முடித்தபோது அவை ஓர் உள்ளங்கையில் அடங்கின. அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது. அண்டாவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தேநீர்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். ஒன்றரைத் தம்ளர் தண்ணீர். ஆயிரம் பேருக்கு ரசம் வைத்த மனிதர், ஒன்றரைத் தம்ளரை மூன்று முறை அளந்தார்.

பன்னிரண்டு ஆயிற்று. தண்ணீர் கொதித்தது. எவரும் வரவில்லை.

வாசலில் மணி ஒலித்தது. ஓடினார். தபால்காரர்.

“பசிக்கா?” என்று கேட்டார் தாணுமாலயன்.

“ஏன் கேக்கிய?”

“பசிக்கா இல்லியா, அதச் சொல்லும்.”

“இப்பத்தான் எட்டு இட்லி தின்னேன்.”

தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

தண்ணீர் வற்றியது. மறுபடி ஊற்றினார்.

ஒரு மணிக்குப் பை வாங்க ஓர் அம்மாள் வந்தாள். கையில் குடை, இடுப்பில் கூடை.

“பசியோட வந்திருக்கியளா, தாயீ?”

“சீ, போங்க அண்ணாச்சி. பிரியாணி தின்னுட்டு மூச்சு விட முடியாம வாறேன். பை என்ன வெல?”

தண்ணீர் மீண்டும் வற்றியது. மீண்டும் ஊற்றினார். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். ஒன்றரை. இரண்டு. மாமரத்தடியில் படுத்திருந்த நாயிடம்கூடக் கேட்டுப் பார்த்தார். அது எலும்பொன்றைக் கட்டிக்கொண்டு உறங்கியது.

உலகத்தில் இன்றைக்கு ஒருவருக்கும் பசி இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது ஆலைக்குள் ஓர் உறுமல் கேட்டது.

சுடலையாண்டி தலையைத் தூக்கினார். “மழை வருதோ?”

“இல்ல,” என்றார் தாணுமாலயன். “அது என் வயி—”

அவர் கை வயிற்றுக்குப் போனது.

மெல்லத் திரும்பினார். மருதவல்லி எந்திரத்தை விட்டு எழுந்து, அடுப்பருகே பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருங்க, அண்ணாச்சி.”

தாணுமாலயன் இரண்டடி பின்வாங்கினார்.

“அது முறையில்ல, அம்மா. வைப்புக்காரன் முதப் பந்தியில உக்காரப்பிடாது. கடைசிப் பந்தி முடியணும்.”

மருதவல்லி விரித்திருந்த ஒற்றை இலையைக் காட்டினார்.

“இதுதான் கடைசிப் பந்தியும்.”

நாற்பது ஆண்டுத் தொழில் நெறியை அது மீறவில்லை. அவர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் இலைகளை நின்றுகொண்டே பார்த்தவர். மேலிருந்து பார்க்கும்போது இலை சிறியது. எதிரே உட்கார்ந்தால் அது ஒரு வயலளவு விரிந்து கிடந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மருதவல்லி பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார். தாணுமாலயன் கண்ணை மூடிக்கொண்டார்.

சுடலையாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ரெண்டு நிமிசம்னு போட்டிருக்கு. நான் சொன்னதும் எறக்கணும். ரைட்!”

“அம்மா, தீயக் கொறைங்க,” என்றார் தாணுமாலயன்.

“பந்தியில இருக்கவரு அடுப்புக்கு வாய் குடுக்கப்பிடாது,” என்றார் மருதவல்லி.

“காய முதல்ல போட்டிருக்கணும்லா…”

“உக்காந்திரும் வே!” என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“ஸ்டாப்!” என்றார் சுடலையாண்டி.

நூடுல்ஸ் இலையில் விழுந்தது. ஆவி முகத்தில் அடித்தது. சாறு நாலாபக்கமும் ஓடியது. ரசத்துக்கு அணை கட்டுவதுபோல் அவர் கை தானாகவே வளைந்து தடுத்தது. அள்ளினார். வாயில் போட்டார். சுட்டது. வாயைத் திறந்து “ஹா, ஹா” என்று ஊதினார். கண்ணில் நீர் வந்தது. விழுங்கினார். உடனே மறுபடி அள்ளினார்.

நூல் ஒன்று மோவாயில் தொங்கியது. அதையும் உறிஞ்சினார். கூரைத் தகரம் எதிரொலித்தது.

“உப்பு எப்படி, மாஸ்டரே?” என்று கேட்டார் சுடலையாண்டி.

“தெரியல்ல,” என்றார் தாணுமாலயன், வாய் நிறைய.

இலை காலியாயிற்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். மருதவல்லி ஒன்றும் கேட்காமல் இரண்டாவது பொட்டலத்தைக் கிழித்தார். அது முடிந்ததும் மூன்றாவது. அதில் போட்ட மிச்சக் காய் வேகவில்லை. நறுக்கென்று கடித்துத் தின்றார்.

வெளியே வேன் வந்து நின்றது. இசக்கியப்பன் இறங்கி உள்ளே வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

முப்பது ஆண்டுகளாக உடனிருந்தவர். இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. மாஸ்டர் தரையில் சம்மணமிட்டிருந்தார். எதிரே இலை. சட்டையில் மஞ்சள் சாறு. முழங்கைவரை ஒழுக்கு.

“என்ன மாஸ்டர்… பதம் பாக்கியளா?”

“இல்லடே. சாப்பிடுதேன்.”

இசக்கியப்பன் படியில் மெதுவாக உட்கார்ந்தார். வேன்காரர் ஒலியெழுப்பினார்.

மருதவல்லி நான்காவது பொட்டலத்தைப் பல்லருகே கொண்டு போனார்.

“இன்னொண்ணு, அண்ணாச்சி?”

தாணுமாலயன் கடைசி இழையை வழித்து வாயில் போட்டார். இலையின்மேல் இரு கைகளையும் குறுக்கே விரித்தார்.

“போதும், அம்மா.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது.

வேன்காரர் மறுபடியும் ஒலியெழுப்பினார். உள்ளே தாணுமாலயன் சிரித்த சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை.