மணிப்பூ தரையில் படுத்த கதை

செடிகொடிகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மலைச்சரிவில் மணிப்பூச் செடி இடுப்புயரம் நின்றது. கிளை நிறைய நீல மணிகள். காற்று வந்தால் அது தலையாட்டும் ஒயிலைப் பார்க்க வேண்டும்! கொஞ்சம் கர்வமும் உண்டுதான். அத்தனை அழகுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அந்தச் சரிவில் குருவம்மா பூண்டு போட்டிருந்தாள். வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதுவே வினையாகிப் போனது. மழைக்கு முன்னால், மண் கரையாமல் பிடித்து நிற்கட்டும் என்று வரப்பிலும் கல்கட்டிலும் புல்லை விட்டுவைப்பது மலைக்காரர் வழக்கம். அவளோ, தோட்டம் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு புல் விடாமல் கொத்தி எறிந்துவிட்டாள். கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று மணிப்பூவை மட்டும் விட்டாள்.

மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. மண் சேறாகிக் கல்லிடுக்கு வழியே ஒழுகியது. பூண்டின் வேர் வெளியே தெரிந்தது. அந்த வீட்டுக்கு ஒரு வருஷச் சோறு அது. குருவம்மா சாக்கை விரித்தாள், கல்லை அடுக்கினாள். எதுவும் நிற்கவில்லை.

"என் கையாலயே கெடுத்துக்கிட்டேனே!" என்று சேற்றில் உட்கார்ந்து அழுதாள்.

"அழாத தாயி," என்றது மணிப்பூ. "நான் படுத்துக்கிட்டா மண்ணு நிக்குமா?"

"நிக்கும் கண்ணு. ஆனா கணுவுக்குக் கணு வேர் விடணும். விட்டா அப்புறம் நீ எந்திரிக்கவே முடியாது."

செடி ஒருமுறை நிமிர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தது. அந்த உயரத்திலிருந்து ஓடையும் எதிர்மலையும் தெரியும். அதைப் பார்ப்பதென்றால் அதற்கு உயிர். பிறகு சத்தமில்லாமல் படுத்தது. கணுவெல்லாம் வேர் இறக்கி, இடுக்குகளில் நுழைந்து, பாய் விரித்தாற்போலச் சரிவை மூடியது. எவ்வளவு பெரிய மனசு அந்தச் சின்னச் செடிக்கு! ஏழு நாள் மழை அதன் முதுகில் அடித்தது. மண் ஒரு பிடிகூட நகரவில்லை.

வெயில் வந்ததும் குருவம்மா குச்சி நட்டு அதை நிமிர்த்தப் பார்த்தாள்.

"விடு தாயி. என்னை இழுத்தா மண்ணும் கூடவே வந்துரும்," என்றது செடி.

அவள் கையை எடுத்துவிட்டாள். அந்த வருஷம் பூண்டு நன்றாகவே விளைந்தது.

அன்றிலிருந்துதான் மணிப்பூ தரையோடு தரையாகப் பரவுகிறது. அதன் அழகைப் பார்க்க வருகிறவர் யாரானாலும் குனியத்தான் வேண்டும்.