சுவரில் இல்லாத நாட்கள்

குஞ்சரம் சீடராகச் சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தைந்து. குருவான ஏகாம்பர வைத்தியருக்கு முப்பத்தெட்டு. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை ஐயா என்பாள்.

அவள் வைத்தியம் கற்க வந்ததே மகளுக்காகத்தான். ஆறு வயதுப் பவளத்துக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் புண். சொறிந்து சொறிந்து நீர் வடியும்.

மூலிகை சேகரிக்க மலைக்குப் போன வைத்தியர் மூன்று மாதம் கழித்துத் திரும்பினார். கால் கழுவக்கூட விடாமல் குஞ்சரம் எதிரே வந்து நின்றாள்.

“ஐயா, பயறையும் நிறுத்திடவா?”

“வேற எதையெல்லாம் நிறுத்தியிருக்கீங்க?”

“சொல்லி முடியாது. வந்து பாருங்க.”

அவளுடைய அடுக்களைச் சுவர் முழுக்கக் கரியால் வரைந்த படங்கள். குஞ்சரத்துக்கு எழுத்து அவ்வளவாக வராது.

“சொறியற அன்னைக்கு அவ என்ன சாப்பிட்டாளோ அதை இங்க வரைஞ்சிடுவேன். மறுநாள்லேர்ந்து அது கிடையாது. பவளம், கையை எடு!”

மூலையில் நின்ற பவளம் முழங்கையிலிருந்து கையை எடுத்தாள்.

வைத்தியர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கத்தரிக்காய். முட்டை. வேர்க்கடலை. மீன். பூசணி. பத்தொன்பது இருந்தன.

“கத்தரிக்காய்க்குக் காம்புகூடப் போட்டிருக்கீங்க. இது என்ன, எலியா?”

“கருவாடு ஐயா!”

பவளம் களுக்கென்று சிரித்தாள். சிரித்ததில் இடுப்பைப் பிடித்திருந்த கை நழுவியது. அவளுடைய அரைஞாண் தொடைவரை இறங்கியது.

“அது ஏன் இப்படித் தொங்குது?”

“ரெண்டு தரம் முடிச்சுப் போட்டுச் சுருக்கிட்டேன். நிக்க மாட்டேங்குது.”

“இப்போ என்னதான் குடுக்கிறீங்க?”

“நொய்க்கஞ்சி, உப்பு, பயறு. நேத்துப் பயறு சாப்பிட்டுச் சொறிஞ்சா. அதான் கேக்கிறேன், நிறுத்திடவா?”

“நாளைக்குக் கஞ்சி குடிச்சிட்டுச் சொறிஞ்சா?”

குஞ்சரம் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

வைத்தியர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“எதிர்ச் சுவர் காலியா இருக்கு. சொறியாத நாள்ல இவ சாப்பிட்டதை அங்க வரைங்க.”

“சொறியாத நாளையா? அதை எதுக்கு ஐயா பாக்கணும்?”

“வரைங்க.”

குஞ்சரம் கரியோடு சுவரெதிரே நின்றாள். கையைத் தூக்கினாள். இறக்கினாள்.

“ஞாபகம் இல்லை ஐயா. போன மாசம் திருவிழாவுக்கு அத்தை வீட்டில நாலு நாள் இருந்துட்டு வந்தா. அப்போ தோல் நல்லா இருந்தது. கஞ்சி மட்டும்னு சொல்லித்தான் அனுப்பினேன். கஞ்சியாலதான் நல்லா இருக்குன்னு நினைச்சேன்.”

வைத்தியர் பவளத்தைப் பார்த்தார். பவளம் அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா அடிக்க மாட்டாங்க. சொல்லு.”

“முட்டை,” என்றாள் பவளம், மிக மெதுவாக.

“அடிப்பாவி!”

“அப்புறம் மீன் குழம்பு. கத்தரிக்காய் வதக்கல். கருவாடும். அத்தை கடலை உருண்டை குடுத்தாங்க. அது மட்டும் வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்?” என்றார் வைத்தியர்.

“அது தின்னா தொண்டைக்குள்ள அரிக்கும். எப்பவுமே.”

குஞ்சரம் அப்படியே உட்கார்ந்தாள். “ஏன்டி என்கிட்ட சொல்லலை?”

“நீ கேக்கலையே.”

குஞ்சரம் எழுந்து சுவரருகே போனாள். வேர்க்கடலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற படங்களை உள்ளங்கையால் அழிக்கத் தொடங்கினாள். பூசணியில் கை நின்றது.

“அப்போ மத்த நாளெல்லாம் எதனால ஐயா வந்தது?”

“வேர்வையா இருக்கலாம். தூசியா இருக்கலாம். சில நாள் எதுவுமே இல்லாமலும் வரும். எனக்கும் முழுசாத் தெரியாது அக்கா.”

“உங்களுக்கே தெரியாதா?”

“தெரியாது. கடலை பக்கமே போக வேண்டாம். மத்ததை ஒவ்வொண்ணாத் திருப்பிக் குடுங்க. குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவுங்க.”

“முதல்ல எதைக் குடுக்கட்டும்?”

“அவளைக் கேளுங்க.”

“முட்டை!” என்றாள் பவளம், கேட்பதற்கு முன்பே.

குஞ்சரம் பக்கத்து வீட்டில் ஒரு முட்டை வாங்கிவந்து வேகவைத்தாள். உரித்து மகளிடம் கொடுத்தாள். பவளம் ஒரு கையால் அரைஞாணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தின்றாள். குஞ்சரத்தின் கண் முட்டையில் இல்லை. மகளின் முழங்கை மடிப்பிலேயே இருந்தது.

வைத்தியர் வாசலுக்குப் போய்விட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள். கையில் மறுபடியும் அந்தக் கரித்துண்டு.

“ஐயா, மறுபடி சொறிஞ்சா?”

“சொறிவா,” என்றார் வைத்தியர். “அன்னைக்கும் அவளுக்குப் பசிக்கும், அக்கா.”