நாற்பத்தேழாவது கட்டம்

"இதை வாங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க டீச்சர்."

நடனகோபால் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து, பச்சைக் குழந்தையைக் கிடத்துவது போல மேசைமேல் வைத்தார்.

டீச்சர் நிமிரவில்லை. மல்லாந்து கிடந்த வேறொரு லேப்டாப்பின் வயிற்றிலிருந்து எறும்புகளைச் சின்னத் தூரிகையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஜமீலா டீச்சருக்கு வயது முப்பத்து மூன்று. பாலிடெக்னிக்கில் ஆறு வருடம் பாடம் நடத்தினார். பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு மாடியறையைப் பிடித்து லேப்டாப் பழுது பார்க்கும் கடை போட்டுவிட்டார். வேலை போனாலும் டீச்சர் என்ற பேர் கூடவே வந்துவிட்டது.

நடனகோபாலுக்கு ஐம்பத்தெட்டு நடக்கிறது. ஆனாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தெரியாததைக் கேட்க வந்த இடத்தில் வயதைப் பார்த்தால் ஆகுமா?

"வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும். முப்பத்தெட்டு பேருக்கு முப்பத்தெட்டு மிஷின். அஞ்சு மாசத்துல எனக்கு ரிடையர்மென்ட். நான் வாங்கற கடைசிப் பொருள் இதுதான் டீச்சர்."

"போடுங்க."

"பேனாவை எடுக்கவே பயமா இருக்கு."

பயப்படாமல் என்ன செய்வார்?

அவர் வேலை பார்ப்பது விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்குச் சேத அறிக்கை எழுதித் தரும் ஒரு நிறுவனத்தில். முப்பத்தெட்டு சர்வேயர்கள் ஊர் ஊராகப் போய் அறிக்கை எழுதுவார்கள். அவர்களுக்கு வேண்டிய பொருளை எல்லாம் வாங்கிக் கொடுப்பது பர்ச்சேஸ் மேனேஜர் நடனகோபால்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தார். பளபளவென்று மின்னிய அதன் திரைக்குப் பத்துக்குப் பத்து மார்க் போட்டார். அந்த மிஷினை வெயிலில் திறந்தால் அறிக்கை தெரியவில்லை, திறந்தவர் முகம்தான் தெரிந்தது. சர்வேயர்கள் அதைப் பார்த்துத் தலை சீவினார்கள். பல்லிடுக்கில் சிக்கிய கறிவேப்பிலையை எடுத்தார்கள். ஒரே வாரத்தில் நடனகோபால் என்ற பேர் காணாமல் போய், 'கண்ணாடிக்காரர்' என்ற பேர் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதோடு விட்டார்களா? போன வருடம் அவர் மகள் கல்யாணத்துக்கு முப்பத்தெட்டு பேரும் பணம் போட்டு ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார்கள். "உங்க ஆபீஸ்காரங்களுக்கு உங்க மேல எவ்வளவு பாசம்!" என்று சம்பந்தியம்மா உருகினாள். நடனகோபால் சிரித்துவைத்தார். பந்தியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்தொரு வருட உத்தியோகம். கடைசி நாளில் மாலையோடு இன்னொரு கண்ணாடியும் வந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

அதனால்தான் இந்தத் தடவை ஒரு பட்டியல் போட்டிருந்தார். நாற்பத்தேழு கட்டங்கள். எடை: ஒரு கிலோ நூற்றிருபது கிராம். பேட்டரி: பதினோரு மணி நேரம். விசைப்பலகை, விசிறிச் சத்தம், சூடு, எல்லாவற்றுக்கும் மார்க். கம்பெனிக்காரன் பத்து நாள் பார்க்கக் கொடுத்த மிஷின் என்பதால் ஒரு கீறல் விழக்கூடாதென்று சொந்தச் செலவில் நல்ல பை ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

டீச்சர் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"எங்க வெச்சு பாத்தீங்க?"

"என் மேசையில. ஏசி ரூம்தான், ஒரு தொந்தரவும் இல்ல."

"உங்க சர்வேயர்ங்க மேசை எங்க இருக்கு?"

"அவங்களுக்கு ஏது மேசை? வெளியில போற வேலையாச்சே."

டீச்சர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எறும்பைத் தள்ளப் போய்விட்டார்.

கேட்டதற்குப் பதில் சொல்லத் துப்பில்லை, இவர் என்ன டீச்சர் என்று முணுமுணுத்துக்கொண்டே நடனகோபால் படியிறங்கினார். ஏழாவது படியில் அவருக்கு உறைத்தது.

*

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். முகம் கருத்து, மூக்கு உரிந்திருந்தது.

"பாத்துட்டேன் டீச்சர். ஆபீஸ் மொட்டை மாடி. உச்சி வெயில். ஒண்ணரை மணி நேரம். எழுத்தெல்லாம் முத்து முத்தாத் தெரியுது."

"நல்லது. வெயில் மூஞ்சில அடிக்கலையா?"

"மூக்குலதான் கொஞ்சம் அடிச்சுது. மத்தபடி குடை இருந்துச்சு."

"டைப் பண்றப்ப குடையை யாரு பிடிச்சா?"

"அக்கவுண்ட்ஸ் லோகநாதன்."

"சர்வேயர்ங்களுக்கு?"

நடனகோபால் கொஞ்சம் யோசித்தார்.

"லோகநாதன் ஒருத்தன்தான் டீச்சர் இருக்கான்."

டீச்சர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க டீயை எடுத்துக் குடித்தார்.

"தவமணின்னு ஒரு சர்வேயர் உங்ககிட்ட இருக்காருல்ல?"

"இருக்கான். பெட்ரோல் பில்லை மூணு மாசம் கழிச்சுக் குடுக்கற ஆளு."

"அவரு வண்டியில பின்னாடி ஒரு நாள் உக்காருங்க."

"நானா?"

"மிஷினையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

*

புதன்கிழமை. மேலூர் ரோட்டில் முட்டை வேன் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தவமணியின் ஸ்கூட்டரில், புதுப் பையை மடியில் அணைத்துக்கொண்டு நடனகோபால் போனார்.

தவமணி வலது கையால் மட்டும் வண்டி ஓட்டினார். இடது கை, தோளில் தொங்கிய பழைய பையை விலாவோடு சேர்த்துப் பிடித்திருந்தது. ஒத்தக்கடை பள்ளத்தில் வண்டி குதித்தபோதும் அந்தக் கை பையை விடவில்லை.

நடனகோபாலுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நான் வாங்கிக் கொடுத்த மிஷின்மேல் இவனுக்கு எத்தனை அக்கறை! சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, 'சர்வேயர்கள் மிஷினைக் கண்போல் காக்கிறார்கள்' என்று எழுதினார். வண்டி ஆடியதில் எழுத்து மலையாளம் மாதிரி விழுந்தது.

முட்டை ரோடெல்லாம் வழிந்து, வெயிலில் பாதி வெந்திருந்தது. டிரைவர் ஒரு பக்கம் புலம்ப, ஈ ஒரு பக்கம் மொய்க்க, தவமணி வேனைச் சுற்றி வந்தார். நடனகோபால் புது மிஷினை எடுத்து நசுங்காத முட்டைப் பெட்டி ஒன்றின்மேல் வைத்தார்.

"இதுல எழுதுங்க தவமணி."

தவமணி வலது கையால் மூடியைத் தூக்கினார். அடிப்பாகமும் கூடவே எழும்பி வந்தது. கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினார். மறுபடி வந்தது.

"ரெண்டு கையால திறங்க."

"இன்னொரு கை இல்லையே சார்."

"அந்தா, இருக்கே."

"அது வேலையா இருக்கு சார்."

'ஒரு கையால் திறக்க வருமா?' நாற்பத்தெட்டாவது கட்டம் உருவாயிற்று.

தவமணி தன் பழைய மிஷினை உருவிப் பெட்டிமேல் போட்டார். கீல் தளர்ந்த மிஷின், தொட்டதும் வாயைத் திறந்தது. நடனகோபால் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வருட அவமானம் இப்போது வெயிலில் முகம் காட்டப்போகிறது.

கண்ணைத் திறந்தார். திரையில் சேத அறிக்கை பளிச்சென்று தெரிந்தது. குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"என் மூஞ்சி எங்கப்பா?"

"அது எப்பவோ போயிருச்சு சார். ஜமீலா டீச்சர் திரைமேல ஒரு தாள் ஒட்டிக் குடுத்தாங்க. மினுக்காத தாளு. எல்லாரும் ஒட்டிக்கிட்டோம். ரெண்டு வருஷம் ஆச்சு."

"எம் பொண்ணு கல்யாணம் போன வருஷம்தானே?"

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்குய்யா கண்ணாடி?"

தவமணி முட்டைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பேரு நல்லா செட்டாயிருச்சு சார். மாத்த எங்களுக்கு மனசு வரல."

*

நடனகோபால் நேராக டவுன் ஹால் ரோட்டுக்கு வந்து செருப்போடு உள்ளே நுழைந்தார்.

"ரெண்டு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"எது சார்?"

"கண்ணாடி போன விஷயம்!"

"நான்தானே போக்குனேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேன் டீச்சர். வாட்ச்மேன் வணக்கம் வெச்சாக்கூட, கேலி பண்றானோன்னு தோணுச்சு."

டீச்சர் தூரிகையைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். நடனகோபால் உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவ வந்தீங்க. ரெண்டு தடவையும் மிஷினப் பத்தித்தானே சார் கேட்டீங்க."

"பின்ன எதைப் பத்திக் கேக்கறது?"

டீச்சர் அவர் சட்டைப்பையிலிருந்த செல்போனை விரலால் சுட்டிக் காட்டினார். அவ்வளவுதான். தூரிகை மறுபடி கைக்குப் போய்விட்டது.

நடனகோபால் போனை எடுத்தார். தவமணியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

ஒரு ரிங் முழுதாகப் போகவில்லை, தவமணி எடுத்துவிட்டார்.

"பில்லு நாளைக்குக் கண்டிப்பா தந்துர்றேன் சார்."

"பில்லு இல்ல தவமணி."

முப்பத்தொரு வருடத்தில் பில் இல்லாத காரியத்துக்கு ஒரு சர்வேயரைக் கூப்பிட்டதே இல்லை என்பது நடனகோபாலுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"எதுக்கு சார்?"

"சும்மா சொல்லுங்க. தினப்படி வேலைக்கு. எந்த மிஷின் வேணும்?"

"மிஷினு எதுன்னாலும் சரி சார்." தவமணி தயங்கினார். "ஒரு பை வாங்கித் தருவீங்களா?"

"என்ன பை?"

"மிஷினோட குடுத்தாங்கல்ல சார், பை. வந்த மூணாம் மாசமே ஜிப்பு போயிருச்சு. வாயைப் பிடிச்சுக்கிட்டே வண்டி ஓட்ட வேண்டியிருக்கு. ஒரு கை பைக்கே போயிருது."

நடனகோபால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"உங்களுக்கு மட்டுமா?"

"முப்பத்தெட்டு பேருக்குந்தான் சார். கோரிப்பாளையத்துல ஒருத்தர் போன மாசம் கீழ விழுந்து எந்திரிச்சாரு. பையை விடலை பாருங்க."

"ஏன்யா ஒருத்தரும் சொல்லல?"

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

"ஏற்கெனவே கண்ணாடிக்கு ஒரு பேரு வெச்சுட்டோம் சார். இதைச் சொன்னா பசங்க இதுக்கும் ஒண்ணு வெப்பாங்க. பாவம், உங்களுக்கு எத்தனை பேருதான் தாங்கும்னு நாங்களே விட்டுட்டோம்."

போன் அணைந்தது.

நடனகோபால் பட்டியலைப் பிரித்தார். முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். எடை, பேட்டரி, விசிறி, சூடு. கடைசியில் விரல் நின்றது.

நாற்பத்தேழாவது கட்டம்: மிஷினோடு வரும் பை. அதற்கு நேரே அவர் கையெழுத்தில், 'உண்டு.' பக்கத்தில் ஒரு டிக்.

அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் சிரிப்புதான் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். டீச்சர் கண்டுகொள்ளவில்லை. எறும்பு இன்னும் மிச்சமிருந்தது.

நடனகோபால் எழுந்தார். பைக்குள்ளிருந்து புது மிஷினை எடுத்தார், சார்ஜரை எடுத்தார், பட்டியலை எடுத்தார். எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார். காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

படியில் நின்று ஒரு கையால் ஜிப்பைத் திறந்தார். மூடினார். இன்னொரு தடவை திறந்தார். மூடினார்.

உள்ளேயிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்.

"சார், மிஷினை விட்டுட்டுப் போறீங்க."

"அது கிடக்கட்டும் டீச்சர்," என்றார் நடனகோபால், மறுபடி ஜிப்பை இழுத்துக்கொண்டே. "தவமணி எந்தப் பக்கம் மாட்டுவாரு, வலது தோளா, இடது தோளா?"